பிரிட்ஜ் சத்தம் போடுதா? முதலில் காதைக் கொடுங்கள்



ஒரு காலத்தில் நமது லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. இன்றைக்கு அநேக காம்பராக்களில் டீவி, ரைஸ் குக்கர், கரண்ட் கேத்தல் என்று சாமான்கள் வந்துவிட்டன. பல வீடுகளில் பிரிட்ஜும் வந்துவிட்டது. சீட்டுப் பிடித்தோ, தவணைக்கு எடுத்தோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய சல்லியிலோ வாங்கிய சாமான் அது. சில வீடுகளில் சீனி வருத்தக்காரரின் இன்சுலின் மருந்தும் அதற்குள்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட சாமான் ஒரு இரவில் "கடகட"வென்று சத்தம் போட்டால் நெஞ்சு பதறத்தான் செய்யும். லயத்துச் சுவர் வழியாக அந்தச் சத்தம் பக்கத்து காம்பராவுக்கும் போகும். விடியக்காலை பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் நித்திரை இல்லாமல் புரளுவார்கள். அப்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். கடைசியில் மோட்டரே எரிந்துபோகிறது. சிலர் பயந்து உடனே டவுனிலிருந்து ஆள் கூப்பிடுகிறார்கள். ஒரு பலகைத் துண்டு வைத்தால் தீருகிற சத்தத்துக்குப் பயணச் செலவும் கூலியும் கொடுக்க வேண்டி வருகிறது.

இந்தப் பாடத்தில் நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். பிரிட்ஜின் சத்தத்தை மூன்றாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். ஒன்று, இருக்க வேண்டிய சத்தம். இரண்டு, நம்ம கையால் திருத்தக்கூடிய சத்தம். மூன்று, பிளக்கைக் கழற்றிவிட்டு பாஸைக் கூப்பிட வேண்டிய சத்தம். ஸ்டோரில் வருஷக்கணக்காக வேலை செய்தவர் ரோலர் ஓடும் சத்தத்தைக் கேட்டே "பெல்ட் நழுவுது" என்று சொல்லிவிடுவார். அந்தக் காது நமக்கும் பழகும்.

பிரிட்ஜுக்குள் என்ன நடக்கிறது?

பிரிட்ஜ் குளிரைப் புதிதாக உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொண்டுவந்து விடுகிறது, அவ்வளவுதான்.

பின்பக்கம் அடியில் கறுப்பாக, மூடிய சட்டி மாதிரி இருப்பது கொம்பிரஷர். அதற்குள் மோட்டர் இருக்கிறது. அது காஸை அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறது அல்லவா? அதேபோல அமுக்கிய காஸும் சுடும். பின்பக்கத்தில் கறுப்புக் கம்பி வலை போல் இருக்கும் குழாயில் ஓடும்போது அந்தச் சூடு வெளியே இறங்குகிறது. சில மாடல்களில் இந்தக் குழாய் பக்கத் தகட்டுக்குள் மறைந்திருக்கும். பிரிட்ஜின் பக்கத்தைத் தொட்டால் சுடுவது அதனால்தான். அது பழுது அல்ல.

சூடு இறங்கிய காஸ் திரவமாகி, ஊசி போன்ற மெல்லிய குழாய் வழியாக ஐஸ் பெட்டிப் பக்கம் போய் அங்கே மறுபடி ஆவியாகிறது. டிஸ்பென்சரியில் ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவினால் கை சில்லென்று குளிருமே, அதே கதைதான். ஆவியாகிற பொருள் பக்கத்திலுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு அந்த காஸ் திரும்பவும் கொம்பிரஷருக்கு வருகிறது.

உள்ளே போதுமான குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் மோட்டரை நிறுத்தும். சூடு ஏறினால் மறுபடி ஓட்டும். ஆகவே சத்தம் வரக்கூடிய இடங்கள் நாலே நாலு: மோட்டர், காஸ் ஓடும் குழாய், உள்ளே காத்தாடி உள்ள மாடலில் அந்தக் காத்தாடி, ஒன்றோடொன்று முட்டி அதிரும் சாமான்கள்.

முதலாவது: இருக்க வேண்டிய சத்தங்கள்

இவற்றைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

"ம்ம்ம்" என்ற முணுமுணுப்பு மோட்டர் ஓடும் சத்தம். கொஞ்ச நேரம் ஓடி நிற்கும், மறுபடி ஓடும். புதிதாக வாங்கிய இன்வெர்ட்டர் மாடலாக இருந்தால் நிற்காமல் நீண்ட நேரம் மெதுவாக ஓடும். சத்தமும் ஏறி இறங்கும்.

"களக் களக்" என்று தண்ணீர் கொதிப்பது போல வருவது குழாயில் காஸ் ஓடும் சத்தம். மோட்டர் நின்ற பிறகும் சில நிமிஷம் கேட்கும்.

ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஒரே ஒரு "டக்" வந்தால் அது தெர்மோஸ்டாட்.

இரவில் "சடக்" என்று ஏதோ வெடித்தது போல் கேட்பது, குளிரில் சுருங்கி சூட்டில் விரியும் பிளாஸ்டிக். பகலில் சூடேறிய கூரைத் தகரம் அந்திநேரத்தில் சத்தம் போடுவதைப் போன்றது.

தானாகவே ஐஸ் கரைக்கும் மாடலில் சில நேரம் "உஸ்ஸ்" என்று கேட்கும். ஐஸ் கரைந்த தண்ணீர் சூடான கம்பியில் சொட்டுகிறது. அதுவும் சரியான சத்தமே.

காதால் தேடுங்கள்

பழைய சத்தம் மாறி, புதுச் சத்தம் வந்தால்தான் தேடல் தொடங்க வேண்டும். உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கக் கேளுங்கள். பிள்ளைகளின் பழைய கொப்பியில் மூன்று விஷயத்தை எழுதி வையுங்கள்: எந்த நேரத்தில் வருகிறது? எங்கேயிருந்து வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது?

பிறகு இரண்டு சின்னச் சோதனை.

முதல் சோதனை: சத்தம் வரும்போது உள்ளங்கையை பிரிட்ஜின் மேலே, பிறகு இரண்டு பக்கத்திலும் வைத்து மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் குறைந்தாலோ நின்றாலோ ஏதோ முட்டி அதிர்கிறது என்று அர்த்தம். அநேகமாக நாமே சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது சோதனை: கதவைத் திறந்து பாருங்கள். காத்தாடி உள்ள பல மாடல்களில் கதவு திறந்ததும் காத்தாடி நிற்கும். கதவைத் திறந்தவுடன் சத்தமும் நின்றால் உள்ளே காத்தாடியில்தான் கோளாறு. கதவு திறந்தும் பின்பக்கம் அடியில் சத்தம் தொடர்ந்தால் மோட்டர் பக்கம் தேட வேண்டும்.

கை வைக்குமுன்

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கையும் நிலமும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும்; காலில் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பீலியில் தண்ணீர் எடுத்துவந்த ஈரக் கையோடு பின்பக்கம் போகாதீர்கள். சற்று முன் ஓடிய கொம்பிரஷர் சுடும். அரை மணித்தியாலம் விட்டு ஆறிய பிறகு தொடுங்கள். கொம்பிரஷரின் பக்கத்தில் வயர் போகும் சின்ன மூடியைத் திறக்கவே கூடாது. சில மாடல்களில் உள்ளே கெப்பாசிட்டர் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும்.

பிரிட்ஜை இழுக்க இரண்டு பேர் வேண்டும். நிமிர்த்தியபடியே நகர்த்துங்கள்.

இரண்டாவது: கையால் திருத்தக்கூடிய சத்தங்கள்

கீழே உள்ள வரிசைப்படி செய்யுங்கள். சல்லி செலவில்லாதது முதலில் வருகிறது.

1. மேலேயும் உள்ளேயும் இருக்கும் சாமான்கள். பிரிட்ஜின் மேல் சில்வர் பாத்திரம், சாமிப்படம், ரேடியோ எல்லாம் வைப்பது நம்ம வீடுகளில் வழக்கம். மோட்டர் ஓடும்போது அவை அதிரும். எல்லாவற்றையும் இறக்குங்கள். உள்ளே போத்தலோடு போத்தல் முட்டாமல் விலக்கி வையுங்கள். தட்டுகள் காடியில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆச்சரியப்படாதீர்கள்: பல சத்தம் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

2. நிலம். பழைய லயத்துச் சீமெந்து நிலம் தேய்ந்து மேடும் பள்ளமுமாக இருக்கும். நாலு காலில் ஒன்று நிலத்தில் படாவிட்டால் பிரிட்ஜ் முழுதுமே ஆடும். மேல் மூலைகளைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முன் கால்களைத் திருகி உயர்த்தலாம், தாழ்த்தலாம். திருகும் கால் இல்லாவிட்டால் தட்டையான பலகைத் துண்டோ உடைந்த டைல் துண்டோ வையுங்கள். மடித்த காட்போட் வேண்டாம். மழைக்கால ஈரத்தில் ஊறி அமுங்கிவிடும். சரிமட்டம் பார்க்க, ஒரு கிளாஸில் பாதி தண்ணீர் விட்டு மேலே வைத்துப் பார்த்தால் போதும். முன்பக்கம் ஒரு மயிரிழை உயர்ந்திருப்பது நல்லது. கதவு தானாக மூடிக்கொள்ளும்.

3. சுவர். பின்பக்கம் சுவரில் முட்டினால் சுவரே மேளம் மாதிரி அதிரும். பலகைத் தட்டியோ தகரத் தட்டியோ என்றால் இன்னும் மோசம். அயலவர் நித்திரை கெடுவது அநேகமாக இதனால்தான். பின்னால் ஒரு கைப்பிடி இடம், சுமார் 10 சென்ரிமீற்றர், விடுங்கள். சூடு வெளியேறவும் அந்த இடம் வேண்டும். முடிந்தால் பக்கத்து வீட்டாரின் படுக்கை இருக்கும் சுவரை விட்டு வேறு சுவர் ஓரமாக வையுங்கள். விறகடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

4. புகைக்கரியும் தூசும். அடுப்படிப் புகை பின்பக்கக் கம்பி வலையில் பிசின் மாதிரி ஒட்டும். அதன்மேல் தூசு படியும். அப்புறம் சூடு வெளியே போக வழியில்லை. மோட்டர் நிற்காமல் ஓடும், சத்தமும் ஏறும், லைட் பில்லும் ஏறும். பிளக்கைக் கழற்றி, மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். பிசினை, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

5. தண்ணீர்த் தட்டு. கொம்பிரஷருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். ஐஸ் கரைந்த தண்ணீர் அதில் விழும். அது கழன்று நின்றால் "கிடுகிடு" என்று சத்தம் வரும். எடுத்துக் கழுவி, இறுக்கமாக வையுங்கள். கழுவ இன்னொரு காரணமும் உண்டு: தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

6. முட்டும் குழாய்கள். இரண்டு குழாய் ஒன்றோடொன்று உரசினால் "டிர்ர்ர்" என்று உலோகச் சத்தம் வரும். குழாயை வளைக்காதீர்கள், மெல்லிய குழாய் முறிந்தால் காஸ் எல்லாம் போய்விடும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் செருகினால் போதும்.

7. எலி, கரப்பான், பல்லி. குளிர்காலத்தில் சூடு தேடி மோட்டர் பக்கம் ஒதுங்கும். எலி கூடு கட்டியிருந்தால் அந்தக் கடதாசியும் சருகும் உரசியே சத்தம் வரும். டோர்ச் அடித்துப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். வயர் கடிபட்டிருந்தால் பிளக்கைத் திரும்பப் போடாதீர்கள்.

8. காத்தாடியில் முட்டும் ஐஸ். தானாக ஐஸ் கரைக்கும் மாடலில் கதவு சரியாக மூடாவிட்டால் உள்ளே ஐஸ் கட்டி, காத்தாடி அதில் முட்டும். "டர்ர்ர்" என்று சீட்டுக்கட்டைக் கலைப்பது போல் கேட்கும். சாமானை எல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்தபடி ஒரு நாள் முழுக்க விடுங்கள். நிலத்தில் பழைய சாக்கை விரியுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், கொதிதண்ணீர் ஊற்றாதீர்கள். அப்புறம் சத்தம் போய்விட்டால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு 20 ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் நல்லது. சுலபமாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். பல தடவை அழுக்குத்தான் காரணம். ஒரு சில வாரத்தில் ஐஸ் திரும்பக் கட்டினால், ஐஸ் கரைக்கும் பகுதியில் பழுது. அது பாஸின் வேலை.

9. கொம்பிரஷரின் கால். கொம்பிரஷர் நாலு ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். நட் தளர்ந்திருந்தால் ஸ்பேனரால் மெதுவாகப் பிடிக்கலாம். முழுப் பலத்தோடு இறுக்கினால் ரப்பர் நசுங்கி சத்தம் கூடத்தான் செய்யும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்ற பாஸைக் கூப்பிடுங்கள். கொம்பிரஷரைத் தூக்கினால் குழாய் முறியும்.

"டக்… ம்ம்ம்… டக்": கரண்டின் சத்தம்

இந்தச் சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நமது தோட்டங்களில் அதிகம் காசு போவது இந்த இடத்தில்தான்.

மோட்டர் ஓடப் பார்க்கிறது. "ம்ம்ம்" என்று முக்குகிறது. சில விநாடியில் "டக்" என்று விழுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே கதை. உள்ளே குளிர் இல்லை. இதைக் கேட்டவுடன் "கொம்பிரஷர் போச்சு" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

முதல் காரணம், கரண்ட் போய் உடனே வந்தது. மோட்டர் நின்றவுடன் குழாயில் காஸ் அமுக்கம் அதிகமாக இருக்கும். அந்த அமுக்கத்துக்கு எதிராக மோட்டர் புறப்பட ஏலாது. ஆகவே கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வந்த பிறகு ஐந்து நிமிஷம் பொறுத்துப் போடுங்கள்.

இரண்டாவது காரணம், வோல்டேஜ் குறைவு. நமது நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். ட்ரான்ஸ்போமருக்குத் தூரமான டிவிஷனில், அந்திநேரம் எல்லா வீட்டிலும் அடுப்பும் கேத்தலும் போடும்போது அது இறங்கும். பக்கத்து காம்பராவிலிருந்து மெல்லிய வயரில் கரண்ட் இழுத்திருந்தாலும், ஒரே எக்ஸ்டென்ஷனில் நாலு சாமான் மாட்டியிருந்தாலும் இறங்கும். மோட்டர் புறப்படும்போது, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் எடுக்கும். அது கிடைக்காவிட்டால் முக்கும், சூடேறும், காவல் சுவிட்ச் "டக்" என்று நிறுத்திவிடும். அந்த "டக்" மோட்டரைக் காப்பாற்றுகிற சத்தம். ஆனால் நாள்கணக்கில் இப்படியே விட்டால் மோட்டர் கருகிவிடும்.

சோதிப்பது சுலபம். எல்.இ.டி பல்ப் வோல்டேஜ் குறைந்தாலும் பெரிதாக மங்காது. அதை நம்ப வேண்டாம். கரண்ட் கேத்தல் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக் கொதிக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு, பிரிட்ஜை நேரே சுவர்ப் பிளக்கில் தனியாகப் போடுங்கள். இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஒழுங்காக ஓடி, அந்திநேரம் மட்டும் முக்கினால் பிரிட்ஜில் பழுது இல்லை. கரண்டில்தான் குறை. அப்படியானால் ஒரு வீட்டார் போய்ச் சொல்வதைவிட, லயத்தில் எல்லோரும் சேர்ந்து நேரம் தேதி எழுதி, கையெழுத்து வைத்து மின்சாரக் காரியாலயத்தில் கொடுங்கள். அதுவரை அந்திநேரம் பிளக்கைக் கழற்றி வைப்பது நல்லது. ஸ்டபிலைசர் வாங்குவதென்றால் பிரிட்ஜின் பின் லேபலைப் படமெடுத்துக் கொண்டுபோய் கடையில் காட்டி, அதற்குப் பொருத்தமானதை வாங்குங்கள்.

மூன்றாவது காரணம், கரண்ட் நல்லாக இருந்தும் முக்கினால், மோட்டரைப் புறப்படச் செய்யும் ரிலே பழுதாகியிருக்கலாம். அது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன சாமான். கொம்பிரஷரோடு பார்க்கையில் விலையும் மிகக் குறைவு. ஆகவே பாஸ் வந்ததும் "ரிலேயையும் கெப்பாசிட்டரையும் முதல்ல பாருங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை பெரிய செலவை மிச்சம் பிடிக்கும்.

மலைக்குளிரும் பிரிட்ஜும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மார்கழி, தை மாதம் அதிகாலையில் காம்பராவுக்குள்ளேயே நல்ல குளிர். வெளியே குளிரென்றால் பிரிட்ஜுக்கு வேலை குறைவு. மணிக்கணக்கில் சத்தமே இல்லாமல் கிடக்கும். "செத்துப்போச்சு" என்று பயப்பட வேண்டாம். அந்த மாதங்களில் தெர்மோஸ்டாட்டை இரண்டாம் இலக்கம் வரை இறக்கி, உள்ளே குளிர் போதுமா என்று பாருங்கள். இலக்கம் கூடக் கூட குளிரும் கூடும். குளிர்காலத்தில் ஏழில் வைத்தால் மோட்டர் தேவையில்லாமல் ஓடிச் சத்தம் போடும்.

பிரிட்ஜின் லேபலில் காலநிலை வகுப்பு என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். "எஸ்.என்" என்றால் 10 முதல் 32 பாகை செல்சியஸ் வரை உள்ள அறைக்கு, "என்" என்றால் 16 முதல் 32 வரை, "எஸ்.டி" என்றால் 16 முதல் 38 வரை, "டி" என்றால் 16 முதல் 43 வரை. மலை உச்சித் தோட்டத்தில் இருப்பவர்கள் புதிதாக வாங்கும்போது "எஸ்.என்" என்ற எழுத்தும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது புத்தி. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் உள்ள நமது உறவுகளுக்கு நேர் எதிர். அங்கே சூட்டில் பிரிட்ஜ் அதிக நேரம் ஓடுவது இயல்பு. அவர்கள் பின்பக்கக் காற்றோட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது: பிளக்கைக் கழற்றிவிட்டு ஆள் கூப்பிட வேண்டியவை

கொம்பிரஷருக்குள்ளேயே இரும்போடு இரும்பு மோதுவது போல் "கடங் கடங்" என்று கேட்டால். கருகல் மணம் வந்தால். தொட்டால் கரண்ட் அடித்தால். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால். சத்தம் இருந்தும் குளிரே இல்லாவிட்டால். குழாயில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் — இவை எதிலும் கை வைக்காதீர்கள்.

காஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பிரிட்ஜ்களில் இருந்த காஸ் வானத்து ஓசோன் படையைக் கெடுக்கும் என்பதால் 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது உலகமெங்கும் கைவிடப்பட்டது. இப்போது வரும் பல மாடல்களில் "ஆர் 600 ஏ" என்ற காஸ் இருக்கிறது. அது தீப்பற்றக்கூடியது. லேபலில் தீச்சுவாலைப் படம் இருக்கும். குழாய் முறிந்து "உஸ்" என்று காஸ் வெளியேறினால் உடனே அடுப்பை அணையுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். காஸ் நிரப்பும்போது லேபலில் உள்ள அதே காஸைத்தான் நிரப்ப வேண்டும் என்று பாஸிடம் சொல்லுங்கள்.

யாருக்காவது கரண்ட் அடித்தால் அவரைக் கையால் இழுக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். காசு கேட்க மாட்டார்கள்.

பாஸிடம் எப்படிக் கதைப்பது?

"பிரிட்ஜ் சத்தம் போடுது, வாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கொப்பியில் எழுதியதை வாசியுங்கள். "பின்னால கீழ இருந்து வருது. அந்திக்கு ஆறு மணிக்கு மேலதான். முக்கி முக்கி விழுது. தனிப் பிளக்கில போட்டுப் பார்த்தாச்சு, நிலம் மட்டம் பார்த்தாச்சு." இப்படிச் சொல்பவரிடம் இல்லாத பழுதைச் சொல்ல எவருக்கும் மனம் வராது. நல்ல பாஸுக்கும் அது உதவி. தேவையான சாமானைக் கையோடு கொண்டுவருவார், இரண்டாவது பயணச் செலவு மிச்சம்.

வேலை தொடங்குமுன் கூலி எவ்வளவு, சாமான் விலை எவ்வளவு என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திரும்ப வாங்குங்கள். துண்டு எழுதி வாங்குங்கள். தவணைக்கு எடுத்த புதுப் பிரிட்ஜ் என்றால் உத்தரவாதக் காலம் முடியுமுன் வெளி ஆளிடம் திறக்கக் கொடுக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும்.

இனித் திருத்த ஏலாது என்று ஒதுக்கி வைத்தால் கதவைக் கழற்றிவிடுங்கள். விளையாட்டுக்கு உள்ளே புகும் பிள்ளை மூச்சு முட்டிச் சாக நேரிடும்.

பிரிட்ஜ் நிற்கும் நேரத்தில் மருந்தும் சாப்பாடும்

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே சுமார் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும். இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியது. நடுத்தட்டில் வையுங்கள். ஐஸ் பெட்டியிலோ அதற்கு ஒட்டியோ வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் பிறகு உருகினாலும் பாவிக்க உதவாது. உங்கள் மருந்தை எத்தனை நாள் வெளியே வைக்கலாம் என்று கிளினிக்கில் இப்போதே கேட்டு, கொப்பியில் எழுதி வையுங்கள். பிரிட்ஜ் பழுதான இரவில் கேட்க ஆள் இருக்காது.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்ட

கிடுகிடு — மேல் சாமான், தட்டு, நிலம், சுவர் பாருங்கள்.
டிர்ர்ர் — குழாய் உரசுகிறது; ரப்பர் துண்டு வையுங்கள்.
டர்ர்ர், கதவு திறந்தால் நிற்கும் — காத்தாடியில் ஐஸ். ஒரு நாள் நிறுத்தி உருக விடுங்கள்.
நிற்காமல் ம்ம்ம் — கரி, தூசு, கதவு ரப்பர், தெர்மோஸ்டாட் பாருங்கள்.
டக்… ம்ம்ம்… டக் — வோல்டேஜ், தனிப் பிளக், பிறகு ரிலே.
கடங் கடங், கருகல் மணம், கரண்ட் அடிப்பு — பிளக்கைக் கழற்றுங்கள், ஆள் கூப்பிடுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

இந்த ஞாயிற்றுக்கிழமை, பிரிட்ஜ் ஒழுங்காக ஓடும்போதே, பெரிய பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு மணித்தியாலம் அதைக் கேளுங்கள். எத்தனை நிமிஷம் ஓடுகிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். எந்தெந்தச் சத்தம் வருகிறது, எது எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள். பிரிட்ஜ் சுகமாக இருக்கும்போது எப்படிக் கதைக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான், சுகமில்லாதபோது அது என்ன சொல்கிறது என்று விளங்கும். பிரிட்ஜ் இல்லாத அயல்வீட்டாரும் வந்து கேட்கட்டும். நாளைக்கு அவர்கள் வீட்டுக்கும் ஒன்று வரும்.